மைதானமே சேர்ந்து கொடுத்த அறை

மூன்று நாள். மூன்றே மூன்று நாள் என் மனைவி பேசுவது என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். என் அறை எனக்கே.

தப்பாக நினைக்காதீர்கள். அவள் வாயைப் பொத்தும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அந்தத் தைரியமும் இல்லை. அவள் பேசட்டும், தாராளமாகப் பேசட்டும். எனக்குக் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் நான் ஒரு சட்டம் போட்டேன். "இந்த வீட்டுல எதுவா இருந்தாலும் ரெண்டு பேரும் பேசித்தான் முடிவெடுக்கணும்." அன்றைக்கு அது ரொம்ப முற்போக்காக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த மாமனாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தன் மகளை அறிந்தவர், எனக்காகத்தான் கலங்கினார் என்பது பிற்பாடுதான் புரிந்தது. என் மனைவி இன்றுவரை அந்தச் சட்டத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை. பேசாமல் எதையும் செய்ய மாட்டாள். பேசினால் நான் ஜெயிக்க மாட்டேன். வரவேற்பறைக்கு நீல வண்ணம் பேசித்தான் அடித்தோம். நான் மஞ்சள் கேட்டிருந்தேன். என் மீசையைக்கூடப் பேசித்தான் எடுத்தோம்.

இப்போது ஆபத்து என் அறைக்கு.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். "இது தெளிவா இருக்கா? இப்போ? இதுவா அதுவா, எது தேவலை?" என்று பகல் முழுக்க ஊரார் கண்களோடு மல்லாடிவிட்டு வீட்டுக்கு வந்தால், நேரே பின்பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அங்கே என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. எனக்குப் பிடித்தது எலக்ட்ரானிக் இசை. இயந்திரமே வாசிக்கும், இயந்திரமே தாளம் போடும். தும்… தும்… தும்… என்று அது வயிற்றுக்குள் இறங்கும்போது, இந்த உலகத்தில் ஒருவருக்கும் கிட்டப்பார்வையே கிடையாது என்பது போல மனசு லேசாகிவிடும். இதை ரசிக்காத ஒரே ஜீவன் மேல்வீட்டு வக்கீல். தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், வாதத்திலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை.

"சார், நேத்து என் பல்செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டு வெச்சேன்."

"சரி."

"உங்க பாட்டுக்கு அது என்னைக் கேக்காமலே சிரிக்குது சார்."

என் மனைவி காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியை. சைகை மொழி சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கை வலிக்க வலிக்கப் பேசுகிறார்களாம். வீட்டுக்குப் போனால் அப்பா அம்மாவுக்குச் சைகை தெரியாதாம். அதனால் பெற்றோருக்குச் சாயங்கால வகுப்பு ஒன்று ஆரம்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தைச் சாயங்காலம் பூட்டிவிடுகிறார்கள். இடம் வேண்டும். கோடை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறக்கும்போது 'இதுதான் இடம்' என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருஷம் வகுப்பு கிடையாது. இதையெல்லாம் அவள் தன் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "அவர் அறை சும்மாதானேடி கெடக்கு" என்றாள். சும்மாவா!

நியாயமான கோரிக்கைதான். அதுதான் பயமே. நியாயமானதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டால் அப்புறம் எப்படி மறுப்பது? ஆகவே கேட்காமலே இருப்பது என்று முடிவு செய்தேன். பேசினால்தானே முடிவு? பேச்சே நடக்கவில்லையென்றால் முடிவும் கிடையாது. என் சட்டத்தில் இப்படி ஒரு சந்து இருப்பது எனக்கே இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

"என்னங்க, ஒரு விஷயம் பேசணும்."

"பல்லு விளக்கிட்டிருக்கேன்மா."

"விளக்கிட்டு வாங்க."

"விளக்கினா குளிக்கணுமே."

"குளிச்சிட்டு வாங்க."

"குளிச்சா கடைக்குப் போகணும்."

"கடையிலேர்ந்து வந்து?"

"வந்தா பல்லு விளக்கணும்!"

இப்படி எத்தனை நாள் பல் விளக்குவது? ஈறே தேய்ந்துவிட்டது. பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் என் கடைக்கு எதிர்ச் சுவரில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். ஊருக்கு வெளியே ஆற்றங்கரை மைதானத்தில் கோடை இசை விழா. வெள்ளி, சனி, ஞாயிறு. எலக்ட்ரானிக் இசைக்கும் நடனத்துக்கும் தனி மேடை. ஸ்பீக்கர்கள் மாடிவீட்டு உயரம் என்று படமே போட்டிருந்தார்கள்.

மாடிவீட்டு உயரம்! அதன் அடியில் நின்றால் அவள் பேசுவது அவளுக்கே கேட்காது. விழா முடிந்தால் திங்கட்கிழமை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

நான் மட்டும் போகலாம்தான். ஆனால் "தனியா போயிட்டு வரேன்" என்றால், "போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்பாள். கூடவே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இரண்டு டிக்கெட் வாங்கினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதைச் சொல்கிறவர்களுக்கு இவ்வளவு நேரடி அனுபவம் இருந்திருக்காது.

திட்டம் அவ்வளவு அழகாக இருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. படிக்கட்டில் வக்கீல் எதிரே வந்தார். வக்கீல்கள் ரகசியம் காப்பவர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழுவதையும் சொன்னேன்.

"பிரமாதம் சார்" என்றார். "வாய்தா வாங்கியே கேஸை முடிக்கறீங்க. எங்க தொழில்லகூட இப்படி ஒரு மூளையைப் பார்த்ததில்லை."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மனைவியிடம் டிக்கெட்டை நீட்டினேன். மறுப்பாள், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று வசனமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள்.

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

"போலாமே!" என்று சிரித்தாள். கன்னத்தில் குழி விழ. அந்தக் குழியைப் பார்த்து நான் விழுந்தது இது முதல் தடவை அல்ல.

முதல் நாள் எல்லாம் திட்டப்படி நடந்தது. மைதானத்துக்குள் காலை வைத்ததுமே தரை உதறியது. மேடையில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் பொத்தானை அழுத்தினார். இன்னொருவர் அவர் அழுத்துவதைப் பார்த்துத் தலையாட்டினார். சம்பளம் இருவருக்கும் சமம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தியதும் மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் எழும்பிக் குதித்ததே, அதை என் அறையில் உட்கார்ந்து பார்க்க முடியாது. வெயிலில் முகமெல்லாம் சிவந்த பெண்கள், தொப்பை குலுங்கும் ஆண்கள், சக்கர நாற்காலியைத் தட்டாமாலை சுற்றும் ஒருவர், கைக்குழந்தைக்குப் பெரிய காதுமூடி மாட்டித் தோளில் வைத்து ஆடும் ஒரு தாய். அடுத்து வெள்ளிச் சட்டை போட்ட ஒரு அம்மாள் வந்து, ஒரே தாளத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் எங்களை உள்ளங்கையில் வைத்து ஆட்டினார். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. என் மனைவியும் ஆடினாள். நடுவில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் காதைக் காட்டிக் கையை விரித்தேன். அவள் மறுபடி திறந்தாள். நான் மறுபடி விரித்தேன். பேருந்தில் திரும்பும்போது முந்திக்கொண்டேன்.

"காதுக்குள்ள கொய்ங்னு இருக்கும்மா. நீ சொல்றது எதுவும் கேக்கலை."

"நான் இன்னும் எதுவும் சொல்லலையே."

"என்ன சொல்றே?"

"ஒண்ணுமில்லைங்க. தூங்குங்க."

இரண்டாம் நாள் அவள் என்னை மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மரத்தளத்துக்கு அழைத்துப் போனாள். காது கேளாத ரசிகர்களுக்காக ஸ்பீக்கரை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நின்றால் தாளம் உள்ளங்காலில் ஏறும். ஆளுக்கொரு பலூனைக் கையில் பிடித்திருந்தார்கள். இசைக்குப் பலூன் அதிரும், விரலில் தெரியும். அவளுடைய மாணவி, ஏழெட்டு வயதுச் சிறுமி, பலூனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். தாளம் மாறப்போவது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவள் முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷம் ஸ்பீக்கர் வைத்துக் கேட்டவன் நான். அவள் கேட்பதைப் பார்த்தால் என் காதில்தான் கோளாறு என்று தோன்றியது.

பக்கத்தில் சிறுமியின் அப்பா நின்றிருந்தார். ரொட்டிக்கடைக்காரர். சட்டைக் காலரில் மாவு ஒட்டியிருந்தது. சிறுமி கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, கையால் கடகடவென்று ஏதோ சொன்னாள்.

இசைக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள். "பாப்பா என்ன சொல்றா?" என்று அவரிடம் கேட்டேன்.

"தெரியலை சார்" என்றார். "அதுதானே எங்க வீட்டுப் பிரச்சினையே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திங்கட்கிழமை வரை மனசையும் கொஞ்சம் செவிடாக வைத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் விழாக்காரர் ஒருவர் ஓடிவந்தார். கழுத்தில் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது. மேடையில் பாட்டைச் சைகையில் சொல்லும் பெண்ணுக்குக் கை பிசகிவிட்டதாம். நாளை கடைசி நிகழ்ச்சிக்கு டீச்சர் வந்து உதவ முடியுமா?

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இதையும் பேசித்தானே முடிவெடுக்கணும். என்னங்க சொல்றீங்க?"

எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடைசிக் கண்டம். அந்த நேரத்தில் அவள் மேடை மேலே, நான் கீழே. நடுவில் மாடிவீட்டு உயர ஸ்பீக்கர்!

"போம்மா! இதுக்கெல்லாம் பேச்சு எதுக்கு? உன் திறமை நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

"நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"நெஜமா. ஆனா ஒரு சந்தேகம். இந்தப் பாட்டுல எல்லாம் வார்த்தையே கிடையாதே. எதை நீ சைகையில சொல்லுவே?"

"வார்த்தை இருக்கற எடத்துல அவங்க சொல்றதைச் சொல்லணும்." கன்னத்தில் மறுபடி குழி விழுந்தது. "வார்த்தை இல்லாத எடத்துல என் இஷ்டம்."

நான் அதையும் ரசித்தேன். கேட்டீர்களா, ரசித்தேன்.

மூன்றாம் நாள் மரத்தளத்துக்குப் போனால் மேல்வீட்டு வக்கீல் நிற்கிறார்! கோட்டு, டை, இரண்டு காதிலும் பஞ்சு.

"நீங்க எங்க சார் இங்க?"

"டீச்சரம்மா பாஸ் குடுத்தாங்க. மேடையில ஏறுறாங்களே, பார்க்க வேண்டாமா?" என்று பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னார். "ஆனா ஒண்ணு சார். பாட்டைப் போய்க் கையால சொல்றது… அதெல்லாம் பேச்சுல சேருமா?"

என் மனைவியின் தொழிலை ஒருத்தர் குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. பெருமை பொங்கிக்கொண்டு வந்தது.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? கையால பேசினாலும் பேச்சு பேச்சுதான். வாயால பேசறதைவிட ஒரு படி மேல."

"அப்படியா! மறுபடி ஒரு தடவை சொல்லுங்க" என்று போனை நீட்டினார். நல்ல கருத்தை யாராவது பதிவு செய்தால் வேண்டாம் என்பேனா? தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னேன்.

வெயில் சாயும் நேரம். கடைசி நிகழ்ச்சி ஒரு அக்கா தம்பி ஜோடி. தம்பி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார், அக்கா பாடுகிறார். மேடை ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம். அதற்குள் கறுப்பு உடையில் என் மனைவி. இரண்டு பக்கமும் இருந்த பெரிய திரைகளில் அவள் முகமும் கைகளும் வீட்டுச் சுவர் அளவுக்குத் தெரிந்தன. இந்தக் கைகளைத்தானே தினமும் பார்க்கிறேன்? துணி மடிக்கும் கை, கதவைத் தட்டும் கை, "ஃபேனை நிறுத்துங்க" என்று காட்டும் கை. சொல்லப்போனால் ஃபேன், சாப்பாடு, வாயை மூடு என்ற மூன்று சைகைகள்தான் இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியும். குடும்பம் நடத்த அது போதும் என்று இருந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவன், வீட்டில் இருந்த இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேனே என்று அந்த நிமிஷம் உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அவ்வளவு அழகாக இருந்தாள்.

அக்கா ஒரே ஒரு வரி பாடினார். சூரியனே, இன்னும் கொஞ்சம் இரு. என் மனைவியின் கையில் சூரியன் ஏறி, தயங்கி, நின்றது. அவ்வளவுதான் பாட்டு. அப்புறம் தம்பி பொத்தானைத் தட்டினார். தும்… தும்… தும்… வார்த்தை இல்லாத சமுத்திரம் ஆரம்பித்தது.

என் மனைவி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

நெஞ்சைத் தொட்டாள். காற்றில் நாலு பக்கமும் சுவர் கட்டினாள். விரலால் எதிரே சுட்டினாள். இரண்டு உள்ளங்கையையும் தட்டு ஏந்துவது போல ஏந்தி, முன்னால் நீட்டினாள். தாளத்துக்குக் கச்சிதமாக நாலு அசைவு. மறுபடி. நெஞ்சு, சுவர், விரல், தட்டு. முன்வரிசையில் இரண்டு பேர் அதைப் பார்த்து அப்படியே ஆடினார்கள். அப்புறம் இருபது பேர். அப்புறம், நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், மைதானம் முழுக்க ஆயிரக்கணக்கான கைகள். நெஞ்சு, சுவர், விரல், தட்டு!

ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊரோடு ஒத்து ஆடினேன். மரத்தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஏனோ ஆடாமல் என்னையே பார்த்தார்கள். சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவர்களுக்கு என் ஆட்டம் பிடித்துப்போயிற்று என்று நினைத்து நான் இன்னும் வேகமாக ஆடினேன். தட்டு நீட்டும்போது ஒரு குதி குதித்தேன். அது என் சொந்தச் சேர்க்கை. கேமராக்காரர் நல்ல ரசிகர் போலிருக்கிறது, என்னைப் பிடித்துப் பெரிய திரையில் போட்டார். மைதானமே ஆரவாரித்தது. தளத்தில் இருந்தவர்கள் கைதட்டுவதற்குப் பதில் இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். அதில் ஒரு பெண் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். கை பிசகிய அதே சைகைப் பெண். எல்லோரையும்விட வேகமாக ஆட்டினாள்.

எனக்குச் சந்தேகம் வர வேண்டுமா வேண்டாமா? வரவில்லை. "மறுபடியும்! மறுபடியும்!" என்று கத்தினேன்.

மறுபடியும் ஒரு பாட்டு வந்தது. அதற்கு வேறு அசைவு. அதையும் ஆடினேன். அது இன்னும் பிரமாதமாக வந்தது எனக்கு.

நிகழ்ச்சி முடிந்து, தளத்துக்குப் பின்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் வியர்வை, மனசெல்லாம் பூரிப்பு. நாளை திங்கள். அவள் பேசவேயில்லை. நான் கேட்கவேயில்லை. ஜெயித்தாயிற்று! அப்போது வக்கீல் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்களை மாதிரி ஒரு மனுஷனைப் பார்த்ததில்லை. இத்தனை பேர் முன்னாடி அறை குடுத்தீங்களே!"

"நானா? யாரை அறைஞ்சேன்? ஆடறப்ப யார் மேலயாவது கை பட்டுடுச்சா?"

"அந்த அறை இல்லை சார். பின்பக்கத்து அறை."

என் மனைவி மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். முகத்தில் வியர்வை, கன்னத்தில் குழி.

"என்னம்மா சொல்றார் இவர்?"

அவள் நெஞ்சைத் தொட்டாள். "இது 'என்னோட'." காற்றில் சுவர் கட்டினாள். "இது 'அறை'." என்னைச் சுட்டினாள். "இது 'உனக்கு'." தட்டை நீட்டினாள். "இது 'குடுத்துட்டேன்'."

அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு அறையை என் மனைவிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவள் நல்லவள், ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொண்டாள்.

"இது அநியாயம்! எனக்கு அர்த்தமே தெரியாதே!"

"சட்டம் தெரியாதுங்கறது சாக்கு ஆகாது சார்" என்றார் வக்கீல். "மொழி தெரியாதுங்கறதும் அப்படித்தான்."

"எந்தச் சட்டத்துல இருக்கு?"

"உங்க வீட்டுச் சட்டத்துல. பேசித்தான் முடிவெடுக்கணும்னு போட்டது யாரு? நீங்க. கையால பேசினாலும் பேச்சுதான்னு சொன்னது யாரு? அதுவும் நீங்க. போட்டுக் காட்டட்டுமா?" போனைத் தட்டினார். என் குரல், நிறுத்தி நிதானமாக, ஒரு படி மேல என்றது.

"நான் உங்ககிட்ட சொன்னது ரகசியம் சார்! வக்கீல் ரகசியத்தைக் காப்பாத்த வேண்டாமா?"

"அது பீஸ் குடுத்த கட்சிக்காரருக்கு சார்."

"அந்தக் குதி?" என்று மனைவியிடம் கேட்டேன். கடைசியாகப் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பு. "குதிக்கு என்ன அர்த்தம்? அது வேண்டாம்னு அர்த்தமா இருக்கக்கூடாதா?"

"சைகையில முகமும் உடம்பும்தாங்க தொனி. அவ்வளவு மனசார, அவ்வளவு சந்தோஷமா, குதிச்சுக் குதிச்சு ஒருத்தர் அறையைக் குடுத்து நான் பார்த்ததே இல்லை."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

ரொட்டிக்கடைக்காரர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "ரொம்ப நன்றி சார். நாளைக்கே வகுப்புக்கு வந்துடறேன். இவ நேத்து உங்களைப் பார்த்து என்ன சொன்னான்னு டீச்சர்கிட்ட கேட்டேன். 'இந்த மாமா நல்லா ஆடறார்'னு சொன்னாளாம்." மகளை நிமிர்ந்து பார்த்தார். "இனிமே நானே கேட்டுக்குவேன்."

இதற்குப் பிறகு என்னத்தைச் சண்டை போடுவது? சிறுமி மேலிருந்து என் தலையைத் தட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, போனால் போகட்டும். அறைதானே? மனுஷன் பிள்ளையோடு பேச வேண்டும் என்கிறான். நல்ல காரியத்துக்குத்தான் ஏமாந்திருக்கிறேன். தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

"வெச்சுக்கோம்மா" என்றேன் பெருந்தன்மையோடு. "அறை உனக்கே. என் ஸ்பீக்கர் ரெண்டையும் வரவேற்பறையில வெச்சுக்கறேன்."

வக்கீல் டையைச் சரிசெய்துகொண்டார். மனைவி வானத்தைப் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "இரு இரு. முதல் பாட்டுக்கு அறையைக் குடுத்தேன். ரெண்டாவது பாட்டுக்கும் ஆடினேனே, அதுல என்ன சொன்னேன்? இப்படி, ஆள் உயரத்துக்கு ரெண்டு காட்டி, தோள்ல தூக்கி, குழந்தைகள் பக்கம் இறக்கி வெச்சு…" என்று மறக்காமல் முழுசாக ஆடிக் காட்டினேன், அந்தக் குதி உட்பட.

சிறுமி அப்பாவின் தோளிலிருந்து சறுக்கி இறங்கி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"ஸ்பீக்கர் ரெண்டும் உங்க பள்ளிக்கூடத்துக்கேன்னு ஒரு தடவை சொன்னாப் போதாதாங்க?" என்றாள் என் மனைவி. "அவர் ரொட்டி வேனை எடுத்துட்டுத்தான் வந்திருக்கார்."